ஐந்து ரூபாய் எட்டணா

பதினொரு பக்கம் வந்தது டெல்லியிலிருந்து.
நாலாம் பக்கத்தின் ஓரத்தில்
ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.

லெப்டினென்ட். சப்ளை கோர்.
பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில்
பி, வி, ஏ, விச்சி என்று
நான்கு ஆட்கள் நிற்கிறார்கள்.
பெ.வெ.ஆவிச்சி என்ற எங்கள் விலாசத்தை
ராணுவம் வேறெப்படிப் படிக்கும்?
இரண்டு வருஷம் 'ஆ' வரிசையில் தேடினேன்.
அவர் 'வி' வரிசையில் இருந்தார்.

முதலில் கோயிலில்தான் கேட்டேன்.
புள்ளிக் கணக்கில் இல்லை என்றார் காரியக்காரர்.
கல்யாணம் ஆகாதவன் புள்ளி இல்லை.
நான் பெண், நானும் இல்லை.
அதை அவர் சொல்லவில்லை,
மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

மோல்மீன் கடையில் பெட்டியடிப் பையன்,
கணக்கு பிடிக்காமல் ஓடினவன்
என்று வீட்டில் ஒரு வரி உண்டு.
ஜப்பான் குண்டுக்குத் தப்பி நடந்தவர்கள் ஊர் வந்தார்கள்,
அவர் கல்கத்தாவில் ஒரு வரிசையில் நின்றுவிட்டார்.
இரண்டாம் பக்கத்தில் சிரித்துவிட்டேன்.
ஓடினவனுக்குப் பட்டாளம் கொடுத்ததும்
கணக்குதான்:
கோவேறு கழுதை முப்பத்தெட்டு,
லாடம், தார்ப்பாய், அரிசி,
பருப்பு மூட்டையில் ஈரம் ஏறிய அளவு.
மேலதிகாரி எழுதுகிறார்,
"அமைதியானவர். குதிரையேற்றம் சுமார்.
கையிருப்பில் ஒருமுறையும் பிழை இல்லை."

ஒன்பதாம் பக்கம்:
ஆஸ்பத்திரி ரயில், ஆகஸ்ட் 1944, உண்ணிக் காய்ச்சல்.
உடைமைகள்:
சவரக் கத்தி ஒன்று.
பவுண்டன் பேனா இரண்டு, ஒன்றுக்கு மூடி இல்லை.
கொட்டை, கயிற்றில் கோத்தது, ஒன்று.

ருத்திராட்சம் என்று எழுதத் தெரியாத ஒருவர்
அதைக் கையில் வைத்து
ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார்.

பத்தாம் பக்கம்:
பாக்கிச் சம்பளம் ரூ. 642-11-0.
சேரவேண்டியவர், தாயார், கண்டனூர்.

நான் ஆடிட்டர்.
ஒரு தொகை கண்ணில் பட்டால்
அதன் எதிர்த்தொகையைத் தேடும் வியாதி.

கண்டனூர் வீட்டில் அந்த ஒரு அறைக்கு
ஒன்பது பங்காளி.
எட்டுப் பேர் வாட்ஸ்அப்பில் சரி என்றார்கள்.
ஒருவர் கட்டைவிரல் மட்டும் அனுப்பினார்.
பேரேடுகளில் பாதி பூச்சிக்குப் போயிருந்தது.
மீதியில்,
பார்த்திப வருஷம், ஆடி 9,
சிவமயத்துக்குக் கீழே மூன்றாவது வரி:
"பட்டாளத்து வகை வரவு 637-3-0."
பெயர் போடவில்லை.
மூத்தவர் பெரியகருப்பன் கையெழுத்து.
தம்பிக்கு அவர் செலவழித்த மை அவ்வளவு.
அடுத்த வரியிலேயே பற்று ஆரம்பமாகிறது,
சுண்ணாம்பு, முட்டை, கொத்தனார் கூலி.

ஐந்து ரூபாய் எட்டணா இடிக்கிறது.

மணியார்டர் கமிஷனாகப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.
முன்சீப்புக்குக் கொடுத்ததா?
கொடுத்திருந்தால் எழுதியிருப்பார்,
வெற்றிலைக்குக் காலணா எழுதுகிற மனிதர்.
கூட்டல் பிழையா?
இந்தக் குடும்பத்திலா?

பதினோராம் பக்கம் ரசீது.
சிட்டாள், இடதுகைப் பெருவிரல் ரேகை.
பெற்றுக்கொண்ட தொகை, முழுவதும்.

திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
மை அதிகமாகி நடுச்சுழி அடைத்துவிட்டது,
ஓரத்தில் மட்டும் நாலைந்து கோடுகள் ஓடுகின்றன.
முழுத்தொகை இவள் கைக்கு வந்தது.
மூத்த மகன் கைக்கு மாறும்போது
ஐந்து ரூபாய் எட்டணா குறைந்திருந்தது.
நடுவில் இருந்தது
முன்சீப் வீட்டிலிருந்து எங்கள் வளவு வரைக்கும்
அரைத் தெரு வெயில்.

விளக்குக்கா, யாருக்காவது கூழுக்கா,
முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளவா,
எந்த ஏட்டிலும் இல்லை.
இப்படி வந்தால் சஸ்பென்ஸ் கணக்கில் போடு என்பேன் ஜூனியர்களிடம்,
வருஷம் முடிவதற்குள் தீர்த்துவிடு என்றும்.

அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன்.
கிடைச்சுதா ஆச்சி, என்றார் வாட்ச்மேன் சூசை.
ஐந்தரை ரூபாய் குறையுது என்றேன்.
அவர் சட்டைப் பையைத்
துழாவ ஆரம்பித்துவிட்டார்.