தரப்பல்லாதவர்

சீர்காழி பிடாரி வடக்கு வீதி, மாடி அறை.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்
தமிழை இங்கிலீஷாக்கித் தருவேன்.
பாகப்பிரிவினை, வாரிசுச் சான்று, ஜீவனாம்சம்.
இந்த வாரம் வந்தது
ஹேக் நகரத்துக்குப் போகிற காகிதம்.

வாக்குமூலம் தருபவர் தனக்கோடி.
கொள்ளிடம் கடலைத் தொடுகிற சேற்றில்
கையால் தடவி இறால் பிடிப்பவர்.
வயது சுமார் ஐம்பது என்று தட்டினேன்.
"சுமார்லாம் போடாதம்மா.
வெள்ளம் வந்து திட்டு ரெண்டாப் பொளந்துதே
அதுக்கு மறுவருசம் பொறந்தவ."
கட்டத்துக்குள் நான்கு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது.

வழக்கு இதுதான்:
கப்பலில் வரும் எரிவாயுவை இறக்க
ஒரு கம்பெனி சுரபுன்னைக்குள் குழாய் நட்டது.
தில்லை மரத்தை வெட்டியவன் கண்ணில் பால் தெறித்து
மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.
ஊர் மறித்தது. மறித்தவர்கள் மேல் பதினேழு வழக்கு.
பிறகு ஏதோ ஒரு தேர்தலுக்கு முந்தைய வாரம்
அரசு அனுமதியை ரத்து செய்தது.
கம்பெனி எங்கள் மேல் கோபப்படவேயில்லை.
அரசின் மேல் வழக்குப் போட்டது,
இங்கே அல்ல, அங்கே.
தான் ஒரு தீவின் பிரஜை என்றது.
தீவில் அதற்கு ஒரு தபால் பெட்டி உண்டு.

இரு நாட்டு ஒப்பந்தம் எப்போதோ முறிந்துவிட்டது, ஆனால்
செத்த பிறகும் பதினைந்து வருஷம்
அதற்கு உயிர் இருக்குமாம், அப்படி ஒரு பிரிவு.
தனக்கோடி இதை இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.
அவள் புருஷன் பெயரை
காரியம் முடிவதற்குள்
ரேஷன் அட்டையில் அடித்துவிட்டிருந்தார்கள்.

"எவ்ளோ கேக்குறாங்க?"
ரெண்டாயிரத்து முந்நூறு கோடி.
"எம் பேர்ல ஒண்ணுதான் இருக்கு"
என்று வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தாள்.
இருபத்தைந்து வருஷ லாபத்தை நியாயமாக எதிர்பார்த்தார்களாம்,
எதிர்பார்ப்பு உடைந்ததற்கு ஈடு, என்றேன்.
"காலைல ரெண்டு கிலோ எதிர்பாத்தேன்.
அரைதான் கெடச்சுது.
யார் மேல போடறது?"

கேள்வி நான்கு: நிலத்தோடு உங்கள் உறவு என்ன?
"நெலம்னு யார் சொன்னது?
வத்தத்துல நெலம், ஏத்தத்துல தண்ணி."
வருவாய்க் கணக்கில் அது புறம்போக்கு.
கம்பெனி அறிக்கையில் அது காலி இடம்.
நான் எழுதி, அடித்து, எழுதி,
கடைசியில் அவள் சொன்னதையே வைத்தேன்.
வக்கீல் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டார்.

கேள்வி ஐந்து: பூர்வகுடி என்பதற்கு ஆதாரம்.
இருளர் என்ற சான்று
கோட்டாட்சியர் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக நிற்கிறது.
ஒருமுறை விசாரிக்க வந்தவர் கேட்டாராம்:
பாம்பு பிடிப்பியா?
இல்ல சாமி, இறாலு.
அப்ப நீ எப்படி இருளர்?
இதை மொழிபெயர்க்கும்போது
இங்கிலீஷில் எனக்கு வாய் கூசியது.

நாலரை மாதம் கழித்து மின்னஞ்சல்.
விண்ணப்பதாரர் இவ்வழக்கில் தரப்பல்லாதவர்.
அவர் கூற விரும்புவது
பிணக்கின் எல்லைக்குள் வரவில்லை.
மேலும் இரண்டு பக்கம், காரணங்கள்.

கொண்டுபோனபோது வத்தம்.
கழுத்தளவு நீரில் இருந்தாள்.
பறியின் கயிறு பல்லில்,
இரண்டு கையும் சேற்றுக்குள்.
கரையில் நின்று உரக்கப் படித்தேன்.
வாயைத் திறந்தால் காலை முழுக்கப் பிடித்தது போய்விடும்.
"ம்" என்றாள்.
அது கேட்டுவிட்டேன் என்ற ம்மா,
அப்புறம் என்ற ம்மா, தெரியவில்லை.
கை மட்டும் ஒரு நொடி நின்று
மறுபடி தடவப் போனது.

காரணங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.
பத்தி பதினான்கு வருவதற்குள்
ஏத்தம் தொடங்கி
நான் நின்ற இடம் தண்ணீராயிருந்தது.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.