பின்னணிக்கு ஒரு சாரம்

கன்னியாவுக்கு ஒரு கட்டை முன்னால்
வீதியை விட்டு இறங்கினால் ஒரு புற்று.
முந்தின இரவு முழுக்க இடி.
விடிய அதன் தோளில் பதினேழு காளான்,
ஒன்று மட்டும் இன்னும் விரியாமல்
காசைப் பொத்திய குழந்தைக் கைபோல.

சனிக்கிழமை, கச்சேரி லீவு.
உரப்பையை விரித்து நெஞ்சுபடப் படுத்தேன்.
கமரா என் மூக்கின் உயரத்தில்
மூக்கு மண்ணின் உயரத்தில்.

காளான் பொறுமையாகத்தான் நின்றது.
அதற்குப் பின்னால் இருந்த உலகம்தான்
ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை.

வெயில் விழுந்த ஒரேயொரு பாலை இலை
கண்ணாடித் துண்டாய்க் கண்ணைக் குத்தியது.
யோகட் கோப்பை ஒன்று, கரண்டியோடு.
தூரத்து டெலிபோன் கோபுரம்
காளானின் உச்சியில் கொம்பு வைத்தது.
இடையில் சிவப்பு பஸ் வேறு,
ஹோர்ன் அடித்துக்கொண்டு.

கோப்பையை எடுத்துப் பைக்குள் போட்டேன்.
இலையை ஈர்க்கால் தள்ளினேன்,
அதன் பின்னால் இன்னோர் இலை,
அதன் பின்னால் இன்னொன்று.
காட்டைக் கூட்டிப் பெருக்க முடியுமா?

லென்ஸின் துளையை அகலத் திறந்தேன்.
அடுத்த பஸ் ஒரு சிவந்த மூச்சாய்க் கரைந்தது.
கோபுரம் கரையவில்லை.
அரை அங்குலம் இடப்பக்கம் அரக்கினேன்,
கோபுரம் குடைக்குள் ஒளிந்தது,
மாட்டுச் சாணி வெளியே வந்தது.

பிறகு, சட்டத்தின் விளிம்பில்,
இரண்டு பாதங்கள். றப்பர் செருப்பு.

"கிடக்கிற கிடையைப் பார்த்து
பாம்பு தீண்டிட்டோ எண்டு பயந்திட்டன் மகள்.
எடுத்து முடிஞ்சா சொல்லுங்க,
நான் ஆயத்தான் வந்த.
வெயில் ஏறினா புழு வச்சிரும்."

முடியவில்லை என்றேன்.
பரவாயில்லை என்று குந்தினார்.
பதுறுதீன். கிண்ணியா. மீன் யாவாரம்.
மகளுக்கு நாலு மாசமாம்,
மீன் மணம் ஆகாதாம்,
காளான் ஆணம் கேட்கிறாளாம்.

"உங்கட சேட்டு மினுங்குது."
வலப்பக்கம் போனார்.
"இப்ப நிழல் விழுது."
இடப்பக்கம் வந்தார்.
கடைசியில் என் தோளுக்கு மேலால்
திரையை எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"காளான் வடிவாத்தான் இருக்கு.
பின்னால என்ன சந்தை?"

நான் கேட்கவேயில்லை.
புற்றின் பின்னால் போய் நின்று
இரண்டு கையாலும் சாரத்தை அகட்டிப் பிடித்தார்.
நீலச் சாரம், கட்டம் போட்டது, வெளிறியது.
முகத்தை வீதிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிறவர்போல
மூச்சையும் அடக்கியிருந்தார் என்று நினைக்கிறேன்.

இலை போயிற்று. கோபுரம் போயிற்று.
சாணி போயிற்று.
கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊறி
நீலம் மட்டும் மிஞ்சியது.
அதன் முன்னால் காளானின் செதில்கள்
ஒவ்வொன்றாய் எண்ணும்படி நின்றன.

பதினொரு படம் எடுத்தேன்.
"முடிஞ்சா?" என்றார் வீதியைப் பார்த்தபடி.

பிறகு அவருடைய வேலை.
அடியில் இரு விரல் வைத்து
திருகி, நோகாமல், புற்று உதிராமல்
ஒவ்வொன்றாய் ஷொப்பிங் பைக்குள்.
பொத்திய கையை மட்டும் விட்டுவிடுவார்
என்று நான் ஏனோ எதிர்பார்த்தேன்.
"மொட்டுத்தான் மகள் ருசி" என்று
அதைத்தான் முதலில் ஆய்ந்தார்.

திங்கட்கிழமை கச்சேரியில்
காணிப் பிரிவுச் சுகிர்தமலர்
போனை வாங்கி உற்றுப் பார்த்தாள்.
"எங்க எடுத்தனீர்? பின்னால கடலோ?"
விரலால் விரித்துப் பெருப்பித்தாள்.
"ஓ, வள்ளமும் ஒண்டு நிக்குது."

கறுத்த நூலால் தைத்த கிழிசல் அது.
படம் எடுத்தபோது எனக்குத் தெரியவில்லை.
ஓம், கொட்டியாரக் குடா என்றேன்.

ஒரு படம் அவருக்கும் அனுப்பியிருக்கலாம்.
ஆணம் மகளுக்குப் பிடித்ததா என்றும்
கேட்டிருக்கலாம்.
நம்பர் வாங்க மறந்துபோனேன்.