வேறு பெயர்

வோலோஸ் அரசு மருத்துவமனையில்
நரம்பியல் அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவள் நான்.
பதினேழு வருடமாக, நாளுக்கு முப்பது பக்கம்.
பிற நாட்டு மாணவர்கள் இந்தச் சொற்களை
விடிய விடிய உருப்போடுவார்களாம்.
எங்களுக்கென்ன,
எல்லாம் கிரேக்கம்,
பாதி கடைத்தெருவில் கிலோ கணக்கில் கிடைக்கும்.

அமிக்தலி என்றால் வாதுமை.
தொண்டைச் சதைக்கும் அதே பெயர்;
ஆறு வயதில் என் பையனுக்கு
இரண்டு வாதுமையை வெட்டி எடுத்து
ஐஸ்கிரீம் கொடுத்தார்கள்.
இப்போகம்போஸ், கடற்குதிரை.
துறைமுகத்தில் ஒருவன் அதைக் காயவைத்துச்
சாவிக்கொத்தில் மாட்டி விற்கிறான்.
தாலமோஸ், மணவறை.
ஒவ்வொரு மண்டைக்குள்ளும் இரண்டு மணவறை,
ஒன்றிலும் விளக்கில்லை.
நரம்புக்கு நெவ்ரோ.
கோபம் வந்தால் "எனக்கு நரம்புகள் இருக்கின்றன" என்போம்.
இல்லாதவர் யார் என்பாள் டாக்டர் மிர்சினி,
பேனாவைக் கடித்தபடி.

ஏழாம் படுக்கைக்கு அர்கிரிஸ் வந்தது பிப்ரவரியில்.
அலோனிசோஸ் தீவில் நாற்பது வாதுமை மரம்,
ஒரு கோவேறு கழுதை, கலியோப்பி என்ற மனைவி.
காலைக் கப்பலில் கொண்டுவந்தார்கள்.
வலது கை நனைந்த துண்டு போல் தொங்கியது.
பேச்சு போகவில்லை,
சொற்கள்தான் இடம் மாறிக் குடியேறியிருந்தன.
கரண்டியைக் காட்டினால் துடுப்பு.
சீப்பைக் காட்டினால் மழை.
தலையணையைத் தொட்டு, ஆடு, ஆடு என்றார்,
நாங்கள்தான் மந்தபுத்திக்காரர்கள் என்பது போல.

மிர்சினி ஒலிப்பதிவில் சொல்லச் சொல்ல
நான் தட்டினேன்:
அஃபாசியா. இடது பொட்டு மடல்.
நோயாளி பொருளின் பெயரை விட்டுவிட்டு
அதன் பக்கத்திலிருக்கும் சொல்லை எடுக்கிறார்.

அங்கே விரல் நின்றது.

எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்
யாரோ ஒருவன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
மண்டையைத் திறந்து,
மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்திருப்பான்.
உள்ளே ஒரு சின்ன முடிச்சு,
அதற்குப் பெயரே கிடையாது.
வாதுமை என்றான்.
வளைந்த மேட்டைக் கடற்குதிரை என்றான்.
மெல்லிய சவ்வு கையில் ஒட்டியது, சிலந்திவலை என்றான்.
கிளை பிரிந்ததெல்லாம் மரம்.
அவனைச் சுற்றி நின்றவர்கள் தலையாட்டி
எழுதிக்கொண்டார்கள்.
யாரும் அவனைப் படுக்கையில் கிடத்தவில்லை,
சீப்பைக் காட்டிக் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் படம் வந்தது.
வெளிச்சப் பலகையில் அதை மாட்டி
மிர்சினி கலியோப்பியிடம் விளக்கினாள்,
"இந்தப் பகுதி போய்விட்டது,
ஆனால் அமிக்தலிக்கு ஒன்றும் ஆகவில்லை."
படுக்கையிலிருந்து அர்கிரிஸ் தலையைத் தூக்கினார்.
"பனி?" என்றார்.
ஐந்து நாளில் இடம் மாறாத முதல் சொல்.
கலியோப்பி டாக்டரைப் பார்க்கவில்லை.
"விழவில்லை. மேல்தோட்டம் முழுக்கப் பூ" என்றாள்,
அவர் காலைப் போர்வைக்குள் தள்ளியபடி.

ஒலிப்பதிவில் அது இப்படி இருந்தது:
கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சு.
தட்டினேன். சம்பளம் அதற்குத்தான்.
பிறகு சம்பந்தமில்லாத என்பதை மட்டும் அழித்தேன்.
மிர்சினி படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்,
அல்லது படித்துவிட்டு.

அவர் குடும்பப் பெயருக்கு
இரண்டு லாம்தாவா ஒன்றா என்று கேட்கும் சாக்கில்
மாலையில் ஏழாம் படுக்கைக்குப் போனேன்.
கலியோப்பி வெளியே போனில் யாரிடமோ
கழுதைக்குத் தீனி சொல்லிக்கொண்டிருந்தாள்.
அர்கிரிஸ் மடியில் மூடி கிழிக்கப்பட்ட தயிர்க் கிண்ணம்.
இடது கையை என் பக்கம் நீட்டி
"துடுப்பு" என்றார்.
மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
மெதுவாக,
கரை தட்டாமல்,
அந்த வெள்ளையில் வலித்துப் போனார்.