பால்வெள்ளைச் சன்னல்

இரவு முழுக்க என் காதில்
பணம் தொலைத்தவர்கள்.

"வங்கி மோசடிப் பிரிவு, மாதங்கி பேசுகிறேன்"
என்று முடிப்பதற்குள் அழத் தொடங்கிவிட்ட ஒருவர்.
அதிகாரிதானே கேட்டார், அதனால்தான் சொன்னேன் என்று
கடவுச்சொல்லுக்குக் காரணம் சொன்ன கப்பல் பட்டறைக்காரர்.
எண்பதாயிரம் வெள்ளியை
இரண்டு மொழிகளில் திருப்பித் திருப்பிச் சொல்லி,
பிறகு எண்ணை மட்டும் சொல்லி,
பிறகு மூச்சு மட்டும் விட்ட ஒரு மாது.

ஆறு மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றினால்
காதுமடலில் ஒரு பள்ளம்.
இனி அதில் ஒரு சொல்லும் தங்காது.

சுஹைலாதான் அனுப்பினாள் அந்த ஆல்பத்தை.
"பாட்டு இல்லை, தாளம் இல்லை,
ஒன்றும் நடக்காது, கேளேன்" என்றாள்.
ஒன்றும் நடக்காத ஒன்றுக்காக
எத்தனை இரவு ஏங்கியிருக்கிறேன் என்று
அவளுக்கு எப்படித் தெரிந்தது?

ஐந்து துண்டுகள். பெயரில்லை, எண் மட்டும்.
முதலாவதில் பியானோவின் ஒரே சுரம்
விழுகிறது.
விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.
தே பெங் கோப்பை மேசையில் விட்டுப்போன வட்டம்போல்
ஓரத்திலிருந்து வற்றுகிறது.
அடுத்தது வருமா என்று நினைக்க மறந்த பிறகு
அடுத்தது வருகிறது.

புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டிக்கு மாறுகிறேன்.
ஓட்டுநர் இல்லாத பெட்டி.
வீவக அடுக்குகளை நெருங்கும்போதெல்லாம்
சன்னல் தானாகவே பாலாகிவிடும்,
யார் வீட்டுக் கட்டிலும் கண்ணில் படாதிருக்க.
கடந்ததும் தெளியும்:
ஒரு மழைமரம்,
கால்வாயில் ஒற்றைக் கொக்கு.
மறுபடி பால்.

இரண்டாம் துண்டும் இதைத்தான் செய்கிறது.
எதையோ காட்டப்போகிற இடத்தில்
மரியாதையாகக் கண்ணை மூடிக்கொள்கிறது.

பெத்தீர் என்றால் மலாயில் இடி.
பங்கிட், எழு.
ஃபஜார், விடியல்.
செகார், புத்துணர்வு. என் வீடு அங்கே.
ஜெலப்பாங், நெற்களஞ்சியம்.
செஞ்சா, அந்தி.
இடியில் ஏறி அந்தியில் இறங்கினால்
கால் மணி நேரத்துக்குள்
ஒரு நாள் முடிந்துவிடும்.
பெண்டிங்கை விட்டுவிட்டேன்.
இடுப்புப் பட்டையின் கொக்கியாம், சுஹைலா சொல்கிறாள்.
அதை எந்த வேளையில் சேர்ப்பது?

நேற்று ஒரு சன்னல் பழுது.
வெளுக்கவே இல்லை.
நான்காம் மாடியாக இருக்கும், அடுக்களை விளக்கு.
பனியன் போட்ட ஒரு மனிதர்
கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு
பேசாமல் இருக்கிறார்.
மேசையில் வங்கி அட்டை, பேனா,
தாள் நிறைய எண்கள்.

அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும்.
அதன் மறுமுனையில்
பதினோரு நொடி மெட்டு ஒன்று
சிரித்துக்கொண்டே சுற்றும்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
எங்கள் வங்கியாக இருக்க வேண்டியதில்லை.
இருக்கலாம்.

என் காதில் மூன்றாம் துண்டு.
இரண்டு சுரங்களுக்கு நடுவே
வாசிப்பவர் நாற்காலியில் அசைகிற சத்தம்.
பதிவானதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.
அதை அவருக்குக் கொடுக்கத் தோன்றியது.
பணம் என் கையில் இல்லை.
அந்த மெட்டுக்குப் பதில் இந்த நாற்காலியை,
மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறது
என்பது மட்டும் கேட்கும்படி.

செகாரில் நான் இறங்கவில்லை.
களஞ்சியம் போயிற்று, அந்தி போயிற்று.
புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி மறுபடி ஏறினேன்.
வேறு பெட்டி.
எல்லாச் சன்னலும் நல்ல நிலையில்.
அந்த அடுக்கு வந்தபோது பால் வந்தது.
பாலுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு பொட்டு.
விளக்காக இருக்கலாம்.
மணி ஏழைத் தாண்டிவிட்டது,
சூரியனாகவும் இருக்கலாம்.

நான்காவது தொடங்கிவிட்டதா,
மூன்றாவதே நீள்கிறதா
தெரியாமல்
செகாரில் இறங்கி
படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.