பதினைந்து நிமிடப் பாடம்

லெசோத்தோ மலைமேல் ஜூன் என்றால் குளிர்.
தபா-த்செகா பயிற்சிக் கல்லூரியின்
மண்ணெண்ணெய் அடுப்பு
முன்வரிசையை மட்டுமே தன் மாணவராக ஏற்கும்.
மற்றவர்கள் போர்வைக்குள்.

இன்று என் முறை.
நான்காம் வகுப்பு, பின்னம், பதினைந்தே நிமிடம்.
இருபத்திரண்டு வயதுக்காரர்களுக்கு
ஒன்பது வயதாக வேண்டும்.
விரிவுரையாளர் எம்மே மட்செலிசோ
தன் கம்பளித் தொப்பியில் சீட்டுகளைக் குலுக்கினார்.
ஆளுக்கொன்று. யாருக்கும் காட்டக் கூடாது.
சென்ற வாரம் எனக்கு வந்தது:
'காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை.'
அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

போலானே உடனே மூக்கை உறிஞ்சத் தொடங்கினான்.
இரண்டு குழந்தைகளுக்குத் தாயான கெனெயிலுவே
சட்டைக் காலரைக் கடித்தபடி
கழிப்பறைக்குப் போக மூன்று முறை அனுமதி கேட்டாள்.

அட்டையில் ரொட்டி வரைந்து வெட்டி வைத்திருந்தேன்.
மூன்றில் ஒன்று. நான்கில் ஒன்று.
எது பெரிது?

மொஹாபி கைதூக்கினான்.
"நான்கில் ஒன்று. நான்குதானே பெரிது?"
வகுப்பு குலுங்கியது. என்ன நடிப்பு!
ஒரு துண்டின்மேல் இன்னொன்றை வைத்துக் காட்டினேன்.
"ரொட்டி புரிகிறது, டீச்சர். எண்தான் புரியவில்லை."
பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.
நானும் சிரித்தேன், கடிகாரத்தைப் பார்த்தபடி.
"நல்ல கேள்வி" என்றேன்.
பதில் சொல்ல நேரமில்லை என்பதற்கு
நாங்கள் இங்கே கற்றுக்கொண்ட சொல் அது.

குரல்: ஐந்துக்கு நான்கு.
கரும்பலகை: நான்கு.
நேரப் பங்கீடு: ஐந்து.
கடைசிக் கட்டத்தை நானே நிரப்ப வேண்டும்.
மாணவர்களுக்குப் புரிந்ததா? சான்று தருக.
எழுதினேன்: எல்லோருக்கும் புரிந்தது.
புரியாதவர் பாத்திரமேற்று நடித்தார்.

பாடம் நடத்தியவர்தான் சீட்டுகளைப் பொறுக்க வேண்டும்.
மொஹாபியின் சீட்டு
அவன் மேசைமேல் நான்காய் மடிந்து கிடந்தது.
'கேள்வி முடியுமுன் பதில் சொல்லும்
கெட்டிக்காரப் பிள்ளை.'

இரண்டு முறை படித்தேன்.

வெளியே, உறைந்துபோன குழாயைத் தட்டிக்கொண்டு நின்றான்.
சீட்டு என் கையில் இருப்பதைப் பார்த்தான்.
"மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள்.
நாலு வருடம், மலைப்பட்டியில்.
திரும்பி வந்தபோது
உயரத்தைப் பார்த்து வகுப்பில் உட்கார வைத்தார்கள்.
கீழெண்ணைச் சமமாக்கு, மேலே கூட்டு,
எல்லாம் செய்வேன்.
என்ன செய்கிறேன் என்றுதான் தெரியாது."
பிறகு, குழாயிடம் சொல்வதுபோல்:
"ஆகஸ்டில் எனக்கும் நான்காம் வகுப்புதான்."

என் பையில் அட்டை ரொட்டி இருந்தது.
எடுக்கக் கூச்சமாயிருந்தது.
வேறெதுவும் தோன்றாமல் கேட்டேன்:
பட்டியில் எத்தனை பேர்?

"மூன்று பேர். பனி இறங்கிய வாரம்
நாலாவதாக ஒருவன் வந்து சேர்ந்தான்,
மந்தையைத் தொலைத்துவிட்டு."

ரொட்டி?

"ஒன்றுதான்."

சொல்லிவிட்டு நின்றான்.
உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்,
யாரோ அதில் எதையோ வைத்ததுபோல,
வைத்தது போதாததுபோல.
"அந்த நாலு" என்றான்.
"கீழே எழுதுகிறோமே, அந்த நாலு.
அது ரொட்டி இல்லையா? ஆளா?"

நான் பேசவில்லை.
கோட்டுக்குக் கீழே நிற்பது ஆள் என்று
எனக்கும் யாரும் சொன்னதில்லை.

படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.
அழித்தபோது ரப்பர் தாளைக் கிழித்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
தெரியவில்லை. பதினைந்து நிமிடம் போதவில்லை.

எம்மே மட்செலிசோ வாசித்தார்.
தொப்பியில் இருந்த சீட்டுகளை எண்ணினார்.
ஒன்று குறைந்தது.
ஒன்றும் கேட்காமல்
தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு
குளிருக்குள் போனார்.