கண்ணாடி மூக்கு

பதினோரு வருசமாக என் வேலை
வெளிச்சம் சிந்தாமல் பார்த்துக்கொள்வது.
வண்ணாரப்பேட்டை தொடங்கி முக்கூடல் வரை
ரோட்டோரக் குழிகளில் குந்தியிருந்து
அறுந்த இழையை அறுந்த இழையோடு வைத்து
உருக்கி ஒட்டுவேன்.
ஒட்டில் ஒரு துளி ஒழுகினாலும்
மறுபடி வெட்டு, மறுபடி ஒட்டு.

பேட்டை ஐஸ் ஃபேக்டரியில் தலைகீழாகச் சொன்னார்கள்:
நடுவில் ஒரு விரற்கடைக்கு
மேலுறையைக் கரைத்தெடு,
வெளிச்சம் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும்.

கொஞ்சமென்றால்
தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு.
அந்த இடத்தில் மஞ்சள் சாயம் பூசினேன்.
அமோனியா தொட்டால் ஊதாவாகும்,
ஊதா வெளிச்சத்தைத் தின்னும்,
மறுமுனைத் திரையில் கோடு சரியும்.
கசிவைப் பிடிக்க
நானே செய்துவைத்த ஒரு கசிவு.

கம்ப்ரசர் ஆபரேட்டர் வெயிலுகந்தான் சிரித்தார்.
"இருபத்தெட்டு வருசம் இந்தக் காத்தக் குடிச்சவன் நான்.
கருவாட்டுக்கும் பிச்சிப்பூவுக்கும்
பேதம் தெரியாது இப்போ.
ஒன் கண்ணாடி நூலுக்கு என்ன தெரியும், ஜெபக்கனி?"

முதல் ராத்திரி அலாரம். ஓடினோம்.
வெறும் ஈரம்.
இரண்டாம் ராத்திரியும் ஈரம்தான்.
"சவத்துப் பய சாமான், இதுக்கும் சளி பிடிக்குமோ?"
பிடிக்கும் என்றேன்.
நீர் புகாத சவ்வொன்றைச் சுற்றிவிட்டு
டீ குடித்தேன்.

மூன்றாம் ராத்திரி, மூணேகால்.
கோடு சரிந்தது.
அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.
கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு
குழாய் குழாயாக நான் மட்டும் நடந்தேன்.
ரிசீவருக்கு அடியில், யாரும் குனியாத மூட்டில்,
புகை சட்டென்று வெள்ளையாய்த் திரண்டது.

என் சத்தத்துக்கு வந்தார்.
அவர் கண்ணிலும் நீர் கொட்டியது.
மூக்குச் செத்தாலும் கண் சாகவில்லை போல.

வால்வை அவர்தான் அடைத்தார்.
ஸ்பேனரைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல்,
சித்திரையில் இங்கே பாய் விரித்துத் தூங்கிய பையன்
மயங்கிக் கிடந்ததைச் சொன்னார்.
பட்டினியில் விழுந்தானென்று
ஹைகிரவுண்டில் எழுதிக்கொடுத்தது இவர் கைதானாம்.
"எனக்கு வாடையே இல்லயே, பிள்ள.
இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"
நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

விடியும்போது கட்டைவிரல் குத்தியது.
இழை வெட்டிய துணுக்கு, தோலுக்குள் எங்கேயோ.
நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை.
அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.
"அசையாத.
இன்னும் கொஞ்சம் சரிச்சா மின்னும்."