எண்பது கிலோ மிச்சம்

லாங்கன்தாலில் டிசம்பரில்
ஐந்து மணிக்கே ராத்திரி.
சமையலறை மேசையில் தெற்குப் பிரான்ஸை விரித்து
நாலு மூலைக்கும் பாரம் வைத்தோம்:
உப்புப் போத்தல், தேயிலை டப்பா,
இவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு,
கழுவாத ஒரு கோப்பை.
கடல் இருக்கிற பக்கம் கோப்பை.

வேன் கீழே நிற்கிறது.
ஒரு பல்வைத்தியர் பதினேழு வருஷம் ஓடிவிட்டு விற்றது.
எந்த லாச்சியைத் திறந்தாலும் கிராம்பு மணம்.
தண்ணீர்த் தாங்கியை வடித்து
குழாய்களைத் திறந்து விட்டிருக்கிறோம்,
வாய் பிளந்து நித்திரை கொள்ளும்
கடைசி ரயில் பயணிகள் மாதிரி.

முதியோர் இல்லத்துச் சலவை அறையில்
என்னோடு துணி மடிக்கும் ரெகுலா சொன்னாள்:
பியூட்டேன் வாங்காதே, மலை தாண்டுமுன்னே விறைத்துப்போகும்,
புரொப்பேன் வாங்கு.
இங்கத்தைச் சிலிண்டர் அங்கத்தை மூடிக்குப் பொருந்தாது,
அதுக்கொரு இணைப்பு வாங்கு.
பிறகு, வெள்ளைத் துவாய் ஒன்றை உதறிக்கொண்டே,
"எனக்கு ஒரு எலுமிச்சங்காய் கொண்டு வா,
இலையோடு."

இயேருக்குத் தொலைபேசி எடுத்தேன்.
என் பிரெஞ்சு, மாவுக்குக் கல் விழுந்த மாதிரி.
ஜனவரியில் திறந்திருப்பீர்களா?
அந்தப் பெண் சிரித்தாள்:
"சூரியன் திறந்திருக்கும் மதாம்,
குளியலறைதான் பூட்டு."
அதையும் எழுதி வைத்தேன்.

சனிக்கிழமை வேனைக் கமக்காரர் சங்கத்துத் தராசில் ஏற்றினோம்.
முன்னால் இரண்டு டிராக்டர், சீனிக்கிழங்கு, சேறு.
மூவாயிரத்து நானூற்று இருபது.
சட்டம் மூவாயிரத்து ஐந்நூறு.
எண்பது மிச்சம் என்று இவர் கைகொட்ட,
தராசுப் பெடியன் மெல்லக் கேட்டான்:
"ஆட்கள் ஏறித்தானே நிறுத்தது?"

நாங்கள் இரண்டு பேரும்
சேற்றில் நின்றுகொண்டிருந்தோம்.

என் எடையைக் கேட்டார்கள்.
ஐந்து குறைத்துச் சொன்னேன்.
முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்
பெடியனுக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவே இறக்கத் தொடங்கினோம்.
வைத்தியர் விட்டுப்போன வெளிப்பந்தல், கம்பிகளோடு.
சைக்கிள் தாங்கி.
கேக் சுடும் அடுப்பு. யாருக்குக் கேக்?
மடக்குக் கதிரை நாலில் இரண்டு.
இவர் பின்பக்கம் ஏறி
ஜன்னலின் தடித்த திரைச்சீலையைக் கழற்றினார்.
உதில என்ன பாரம் இருக்கு, விடுங்கோ என்றேன்.
ஒவ்வொரு கொளுக்கியாய்,
அவசரமில்லாமல்,
கழற்றிக்கொண்டே இருந்தார்.

வரைபடத்தில் நான் நெடுஞ்சாலையைக் கீறியிருந்தேன்.
இவர் அதை அழித்துவிட்டு
வெந்திமில்யாவிலிருந்து மென்தோன் வரை
கரையோடு ஒட்டிப் போகிற சின்ன வீதியைக் கீறினார்.
அது சுத்து வழி,
நாங்கள் இறங்கிற பக்கமும் இல்லை.
"ஒருநாள் போயிட்டு வருவம்."
ஏன்?

"தொண்ணூறாம் ஆண்டு
ஓடு ஏத்தின லொறியில அதால வந்தனாங்கள்.
ஒன்பது பேர்.
மேலே தறப்பாள்.
ஒரு பக்கம் முழுக்க ஒரு சத்தம்,
விடாமல்.
பெரிய வீதி, நிறைய வாகனம் ஓடுது எண்டு நினைச்சன்.
கடல் எண்டு
இங்க வந்து ஆறு மாசத்துக்குப் பிறகு
மொழி வகுப்பில,
சுவரில தொங்கின படத்தைப் பார்த்துத்தான் தெரியும்."

தேத்தண்ணி ஆறியிருந்தது.
கோப்பையை எடுத்தேன். தெற்குக்கரை சுருண்டு எழுந்தது,
திரும்ப வைத்தேன்.

திரைச்சீலையைச் சமையல் தராசில் போட்டேன்:
அறுநூற்று நாற்பது கிராம்.
இறக்கியவை என்கிற பக்கத்தில் எழுதினேன்.
படுக்கேக்கை வெளிச்சம் அடிக்குமே என்றேன்.
அடிக்கட்டும் என்றார்.

ஏழாம் திகதி, பனி பெய்யாவிட்டால், விடிய நாலுக்கு வெளிக்கிடுகிறோம்.
இடியப்ப உரல்
என் குளிர்ச்சட்டைக்குள் சுற்றியபடி
போன கிழமையே வேனுக்குள் போய்விட்டது.
அதை இன்னும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.